சுங்கை சிப்புட் தம்பிக்கு: முதல் .22 பிஸ்டல் எது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செம்பனை ஆலையில் டெக்னீசியன். ஈப்போ பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் மனைவியோடு சேர்ந்திருக்கிறார். கிளப் துப்பாக்கியில் பழகியாயிற்று, இனி சொந்தமாக ஒரு .22 பிஸ்டல் (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சின்னக் குண்டைச் சுடுவது) வேண்டும். காகித இலக்கில் முறையாகப் பயிற்சி செய்யவும் வேண்டும், வார இறுதியில் சும்மா இரும்புத் தகட்டைச் சுட்டு மகிழவும் வேண்டும். ரூகர், பிரௌனிங், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று ஆளுக்கொரு கம்பெனிப் பேரைச் சொல்கிறார்களாம். மனைவிக்கு இடது கைப் பழக்கம், கையும் சின்னது. பேசாமல் அதைவிடப் பெரிய 9 மி.மீ. பிஸ்டலே வாங்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை. கடைசியில், "உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இருவருக்கும் நான் சொல்வது ரூகர் மார்க் ஃபோர் டார்கெட். துருப்பிடிக்காத எஃகில் வருவது, ஐந்தரை அங்குலக் கனத்த குழல் உள்ளது. எனக்கு ரொம்பப் பிடித்தது அது இல்லை, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 17 ரிவால்வர். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். ஆனால் இரண்டையும் நான் அளப்பது ஒரே கோலால்தான்: குண்டு குறி தவறினால், தவறு துப்பாக்கியுடையதா என்னுடையதா என்ற சந்தேகமே வரக்கூடாது. தவறு என்னுடையதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிற துப்பாக்கியிடம்தான் சுடக் கற்றுக்கொள்ள முடியும். ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

9 மி.மீ. வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. வழக்கமான ஈயக் குண்டு 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். 9 மி.மீ. குண்டு ஏறத்தாழ எட்டு கிராம். குழலை விட்டு வெளியே வரும்போது .22 குண்டுக்கு இருக்கும் ஆற்றல் 9 மி.மீ. குண்டின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். கையில் உதை பெயரளவுக்குத்தான், சத்தமும் 9 மி.மீ. அளவுக்கு இல்லை. உதை பலமாக இருந்தால் புதியவர் உடம்பு அதற்குப் பயந்து, டிரிகரை இழுக்கும் அதே நொடியில் மணிக்கட்டை முன்னுக்குத் தள்ளும். குண்டு இலக்கின் அடியில் போய் விழும். ஆனால் துப்பாக்கி எகிறிக் குதிப்பதால் அந்தத் தள்ளல் கண்ணுக்கே தெரியாது. .22இல் மறைக்க எதுவும் இல்லை. முன் சைட், அதாவது குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் முள், எங்கே நின்றது, எங்கே நழுவியது என்று நீங்களே பார்க்கலாம். தோட்டா விலையும் குறைவு என்பதால் கணக்குப் பார்க்காமல் நிறைய சுடலாம். இந்த விளையாட்டில் நிறைய சுட்டவர்தான் நன்றாகச் சுடுகிறார்.

துப்பாக்கிக்குள் போகும் முன் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "சும்மா சுட்டு மகிழ" என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் காலி டின்னை அடுக்கிவைத்துச் சுடுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, நம் செம்பனைக் காட்டுக்குள் அப்படி ஒரு எண்ணம் வரவே கூடாது. நம் நாட்டில் லைசென்ஸ் பெற்ற ரேஞ்சுக்கு வெளியே அதற்கு இடமே இல்லை. சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்தாலும், .22 தோட்டா டப்பாக்களில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையைப் படியுங்கள்: ஒன்றரை மைல் வரை ஆபத்து. ஒன்றரை மைல் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். உங்கள் ஊரில் அந்தத் தூரத்துக்குள் ஒரு தோட்டத்து லயம், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, இருட்டோடு பால் வெட்டப் போகிற நாலு பேர் இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் எஸ்டேட்டிலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டது உங்கள் சுங்கை சிப்புட்டில்தான். அதைத் தொடர்ந்துதான் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது, துரைமார் இடுப்பில் ரிவால்வரோடு தோட்டம் சுற்றினார்கள், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவனுக்குத் தூக்கு என்று விதி வந்தது. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. அதே ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இன்றைக்கும் நம்மை ஆள்கிறது. அந்தச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான், "காற்றுத் துப்பாக்கிதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் கிளப், அப்புறம் கிளப்பின் ஆலோசனையோடு மாநிலப் போலீஸ் தலைவருக்கு விண்ணப்பம், அனுமதி கைக்கு வந்த பிறகு கடை. கையில் தாள் வராமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, லைசென்ஸ் ஒரு ஆள் பேரில் வருவது. ஒரே பிஸ்டலை மனைவியும் பயன்படுத்த வேண்டும் என்றால் அதற்கு என்ன வழி என்பதைக் கிளப்பிலும் போலீசிலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி என்பதை லைசென்ஸ் கணக்கில் எடுக்காது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

9 மி.மீ. பிஸ்டல்களில் மேல்பக்கம் முழுவதும் ஸ்லைடாக முன்னும் பின்னும் ஓடும். ஸ்லைடு மேலேதான் சைட்டுகள் இருக்கும். ரூகர் மார்க் வரிசையில் அப்படி இல்லை. குழல் உடலோடு அசையாமல் இறுகியிருக்கிறது, உள்ளே ஒரு போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உலோகத் துண்டு) மட்டும் ஓடுகிறது. முன் சைட்டும் பின் சைட்டும் அந்த அசையாத உடல் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் பார்க்கிற கோடும் குண்டு போகிற கோடும் ஒன்றையொன்று விட்டு விலகுவதே இல்லை. 1949இல் வந்த முதல் ரூகர் பிஸ்டலிலிருந்து இன்றைய மார்க் ஃபோர் வரைக்கும் இந்த அமைப்பு மாறவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. 25 மீட்டர் இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் வெறும் 5 சென்டிமீட்டர். அதற்குள் போடும் திறமை இந்தத் துப்பாக்கிக்கு உண்டு. வெளியே போனால் அது நம் கைதான்.

பிரௌனிங் பக் மார்க்கும் அசையாத குழல்தான், 1985 முதல் வருகிறது. நல்ல பிஸ்டல். கடையிலிருந்து வருகிற நிலையில் அதன் டிரிகர் ரூகரின் டிரிகரை விடத் தெளிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னக் கைக்குப் பிடியும் இதமாக இருக்கும். அப்படியானால் ஏன் ரூகர் என்கிறேன்? உங்கள் வீட்டு நிலைமைக்கு இரண்டு காரணம். ஒன்று, மார்க் ஃபோரின் பாதுகாப்புப் பூட்டு இரண்டு பக்கமும் உண்டு. பக் மார்க்கில் இடது பக்கம் மட்டும்தான், இடது கைக்காரர் பிடியை விட்டுத் துழாவ வேண்டும். இரண்டாவது, சுத்தம் செய்வது. மார்க் ஃபோர் 2016இல் வந்தபோது செய்த பெரிய மாற்றமே அதுதான்: பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் கதவு திறப்பதுபோல் சாய்ந்து, போல்ட் கையோடு வந்துவிடும். பக் மார்க்கில் மேலே இருக்கும் சின்னத் திருகாணிகளைக் கழற்றி மாட்ட வேண்டும். அவை தானாகத் தளரவும் செய்யும், தளர்ந்தால் பின் சைட் ஆடும். பழைய ரூகர் மார்க் ஒன்று, இரண்டு, மூன்றைக் கழற்றித் திரும்ப மாட்டுவதோ தனி வித்தை. கழற்றத் தொல்லையான துப்பாக்கியை யாரும் அடிக்கடி கழற்ற மாட்டார்கள். நம் ஊர்க் காற்றில் அது ஆகாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிரிகரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிராண்டை விட இதுதான் பெரிது. நல்ல டிரிகரில் விரல் வைத்தால் முதலில் ஒரு சின்னத் தொய்வு இருக்கும், அது முடிந்ததும் ஒரு சுவர் மாதிரி நிற்கும். அங்கே நிறுத்தி, முன் சைட்டைப் பார்த்தபடியே அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுகிறீர்கள். எதுவும் நகர்வதாகத் தெரியாது. திடீரென்று விடுபடும். விடுபட்ட பிறகு டிரிகர் மேலும் பின்னால் ஓடக்கூடாது, ஓடினால் குழல் நுனி இழுபடும். மோசமான டிரிகரில் நடுவில் மணல் அரைபடுவதுபோல் ஒரு கரகரப்பு, கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். "இப்போது சுடப்போகிறது" என்று மூளை கண்டுபிடித்துவிடும், மணிக்கட்டு முந்திக்கொள்ளும். சர்வதேச 25 மீட்டர் போட்டியில் டிரிகர் எடை ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது. ரூகர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கு இரண்டு மடங்குபோல் இருக்கும். பயிற்சிக்கு அது தடை இல்லை, கனமாக இருந்தாலும் சுத்தமாக உடைந்தால் போதும். பின்னாளில் மாற்ற நினைத்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடமே கொடுங்கள். யூடியூப் பார்த்து அரம் எடுத்து ராவ வேண்டாம்.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. காலியான பிஸ்டல், ரேஞ்சில், குழல் இலக்குப் பக்கம். இயல்பாகப் பிடித்து, கண்ணை மூடி, கையை இலக்கை நோக்கி உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே முட்டிக்கொண்டோ உள்ளே புதைந்தோ நின்றால் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. மார்க் ஃபோரில் வழக்கமான பிடி நல்ல சாய்வு. இதே துப்பாக்கியை நிமிர்ந்த பிடியோடு 22/45 என்ற பெயரிலும் செய்கிறார்கள், பிடி ஒல்லியாக இருக்கும். உங்கள் மனைவிக்கு அதுவே சரியாக அமையலாம். அவர் பிடித்திருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு, ரேகை இருக்கும் சதைப்பகுதி, டிரிகரில் நேராகப் படுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்று பிடியைத் திருப்பிப் பிடித்தால் எல்லாக் குண்டும் ஒரே பக்கமாக ஒதுங்கும். அவர் கையை வைத்து முடிவெடுங்கள், உங்கள் கை அனுசரித்துக்கொள்ளும்.

இடது கை ஒரு குறையே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். ஹங்கேரியின் கரோலி டாக்காக்ஸ் என்ற ராணுவ வீரருக்கு 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போயிற்று. சுட்டுப் பழகிய கை அது. இடது கையில் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41, 1957 முதல் வருவது, டிரிகர் அற்புதம். விலையும் அப்படித்தான், தோட்டா விஷயத்தில் கொஞ்சம் அடம்பிடிக்கும். பார்டினி, ஹெம்மர்லி போன்ற போட்டித் துப்பாக்கிகளின் மரப்பிடி ஒரு கைக்கென்றே செதுக்கியது, வலது கைக்குச் செய்ததை இடது கைக்காரர் பிடிக்கவே முடியாது. நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ள அது சரிவராது. வால்தர் பி22 மாதிரி லேசான பிளாஸ்டிக் பிஸ்டல்கள் தகடு சுட ஜாலியாக இருக்கும், ஆனால் குறி தவறினால் யார் தப்பு என்று தெரியாது. என் கோலில் அவை தேறவில்லை.

இனி என் ரிவால்வர். மாடல் 17, அதற்கு முன் கே-22 என்று பெயர். ஆறு தோட்டா. சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திச் சுட்டால் டிரிகர் ஒரு மயிரிழை அசைவில் விடுபடும். எனக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல, பயத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டித்தரும் கருவி வேறு கிடையாது. செய்து பாருங்கள்: உருளையின் ஆறு அறைகளில் மூன்றில் நல்ல தோட்டா, மூன்றில் ஏற்கனவே சுட்ட காலி உறை, கலந்து போட வேண்டும். குழல் இலக்கைப் பார்த்தபடியே உருளையைச் சுழற்றி, பார்க்காமல் மூடுங்கள். இப்போது எந்த முறை வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. காலி உறையில் சுத்தியல் விழும் அந்த "டிக்" சத்தத்தில் முன் சைட் அப்படியே நின்றால் கை சுத்தம். நுனி சடக்கென்று கீழே குனிந்தால், இத்தனை நாள் குண்டு ஏன் ஏழு மதிப்பெண் வட்டத்தில் விழுந்தது என்ற கேள்விக்குப் பதில் கண் முன்னால் நிற்கும். பல வருடம் சுட்டவர்களுக்கும் முதல் முறை இதைச் செய்யும்போது குழல் குனியும். கிளப்பில் ஒரு .22 ரிவால்வர் இருந்தால் வாரம் தவறாமல் இதைச் செய்யுங்கள். சொந்தமாக வாங்க ரூகர், கற்றுக்கொள்ள கிளப் ரிவால்வர் என்று வைத்துக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகு என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் நம் காற்று. சாயங்காலம் மழை, காலையில் புழுக்கம், சுட்டு முடித்த கையில் வியர்வை. நீலமேற்றிய இரும்பில் விரல் ரேகை அப்படியே பழுப்பாகப் படிந்துவிடும், துணிப் பையிலேயே போட்டு வைத்தால் இன்னும் வேகம். ஸ்டெயின்லெஸ் முற்றிலும் துருப்பிடிக்காது என்று இல்லை, ஆனால் அவகாசம் தரும். ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. .22 குண்டு மெழுகோ கொழுப்போ பூசிய ஈயம். அந்த மெழுகும் கரியும் சேர்ந்து போல்ட் முகத்தில் கறுப்புப் பசையாக ஒட்டும், தோட்டா உள்ளே ஏறுவதில் வரும் கோளாறில் பாதி இதனால்தான். பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று போதும். எண்ணெயை ஊற்றாதீர்கள், அதிகமானால் அதுவே கரியைப் பிடித்து வைக்கும். மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) தோட்டா நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும், பின்னால் மாட்டினால் சிக்கும்.

தோட்டாவில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது சாதாரண வேகத் தோட்டா, வாங்குங்கள், அதிவேகத் தோட்டாவால் 25 மீட்டரில் ஒரு லாபமும் இல்லை. ஈப்போவில் கிடைப்பதில் இரண்டு மூன்று வகை எடுத்து, கையை மூட்டையில் ஊன்றிச் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இதில் பற்றவைக்கும் மருந்து உறையின் அடிவிளிம்பைச் சுற்றி இருக்கிறது. சில இடத்தில் சரியாகப் பரவாமல் போவதுண்டு, ஈரக் காற்றும் அதற்கு எதிரி. இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வெடிக்காமல் போனால் குழலை இலக்கை நோக்கியே முப்பது விநாடி பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு. அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டும். சத்தம் மட்டும் "புஸ்" என்று வித்தியாசமாக வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம், ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

பழைய மார்க் ஃபோர் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2017 ஜூன் 1க்கு முன் செய்தவற்றை ரூகர் கம்பெனியே திரும்ப அழைத்தது. பாதுகாப்புப் பூட்டு பாதியில் நிற்கும்போது டிரிகரை இழுத்தால், பிறகு பூட்டை நகர்த்தும் நேரத்தில் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும் என்பதே காரணம். சரிசெய்து கொடுத்தார்கள். கடைக்காரரிடம் இது சரிசெய்ததா என்று கேளுங்கள், தெளிவான பதில் இல்லையென்றால் வேறு பாருங்கள். உலராத எண்ணெய் மினுமினுப்பை நம்பாமல் குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், குழி குழியாகத் தெரிந்தால் வேண்டாம்.

9 மி.மீ. பற்றி மறுபடி கேட்பீர்கள் என்று தெரியும். 25 மீட்டரில், ஒற்றைக் கையில், பத்துக் குண்டும் இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள், அதாவது 20 சென்டிமீட்டருக்குள், வாரா வாரம் விழ ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம். அதற்குள் உங்கள் மனைவி உங்களை முந்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். விண்ணப்பத் தாளில் மாடல் பெயரை எழுதும் முன் இரண்டு பேரும் கிளப்பின் ரூகரிலும் பக் மார்க்கிலும் ஆளுக்கு ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள். இலக்குக் காகிதத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.